செய்தது யார்? – ஆங்கில வகுப்பில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

(மாலைநேர ஆங்கில வகுப்பின் திருப்புதல் வாரத்தில், மாணவர்களும் இயக்கத் தோழர்களும் சேர்ந்திருந்த கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த வாரம் திருப்புதல் வாரம். உங்க நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். மூன்று தலைப்பு இருக்கு. முதலில் இலக்கியக் கலைச்சொற்கள்: மெட்டஃபர், ஐரனி, யூஃபமிசம். அப்புறம் இலக்கணம்: ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ், பார்ட்டிசிபிள், பிரிபொசிஷன். கடைசியில் வேர்ச்சொல்: ரூட், பிரிஃபிக்ஸ், சஃபிக்ஸ். எல்லாத்துக்கும் ரெண்டு வரி விடை, ரெண்டு மார்க். மனப்பாடம் பண்ணணும், எழுதணும், பரீட்சை முடிஞ்ச மறுநாள் மறந்துடணும்.

பரீட்சையில் தேறணும். அதை நான் லேசாகச் சொல்லவில்லை. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிற பிள்ளைக்கு அந்த ரெண்டு மார்க்கின் விலை தெரியும். ஆனால் மார்க்கோடு முடிகிற விஷயமில்லை இது என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். உங்க நோட்டில் இருக்கிற மூன்று தலைப்பும் உண்மையில் மூன்று கேள்விகள். வேர்ச்சொல் கேட்கிறது: இந்தச் சொல் எங்கிருந்து, யார் வாயிலிருந்து வந்தது? இலக்கணம் கேட்கிறது: செய்தது யார், யாருக்குச் செய்தது? கலைச்சொல் கேட்கிறது: இதைச் சொல்கிற ஆள் எங்கே நின்று சொல்கிறார்? இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்த ஆளிடம் ஒரு செய்தித்தாளோ, ஒரு சட்டப் பிரிவோ, ஒரு தீர்ப்போ சும்மா நழுவிப் போக முடியாது.

ஓர் அடிமைச் சிறுவனும் அகராதியும்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ். சின்ன வயதில் பால்டிமோர் நகரத்து வீடு ஒன்றில் வேலைக்கு விடப்பட்டார். அந்த வீட்டு எசமானியம்மா அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். எசமான் தடுத்துவிட்டான். படிக்கத் தெரிந்துகொண்டால் இவனை அடிமையாக வைத்திருக்க முடியாது என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான். டக்ளஸ் விடவில்லை. தெருவில் இருந்த ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்கு எழுத்து வாங்கினார். பன்னிரண்டு வயது வாக்கில் 'கொலம்பியன் ஒரேட்டர்' என்ற புத்தகம் அவர் கைக்கு வந்தது. 1797இல் வெளிவந்த பள்ளிக்கூடப் புத்தகம் அது. பேச்சுப் பயிற்சிக்கானது. நீங்க பையில் வைத்திருக்கிற பாடப்புத்தகம் மாதிரிதான். அதற்குள் ஓர் எசமானும் ஓர் அடிமையும் வாதம் பண்ணுகிற பகுதி இருந்தது. வாதத்தில் அடிமை ஜெயிக்கிறான்.

அந்த நாட்களில் வெள்ளைக்காரர்கள் கோபமாகப் பேசிக்கொள்கிற ஒரு சொல் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது: 'அபொலிஷன்'. அகராதியை எடுத்துப் பார்த்தார். 'அபொலிஷ்' செய்கிற செயல் என்று போட்டிருந்தது. எதை அபொலிஷ் செய்வது? அகராதி சொல்லவில்லை. யாரையும் கேட்கவும் பயம். பிறகு ஒரு செய்தித்தாளில், தலைநகரப் பகுதியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரி மக்கள் மனுப் போட்டிருக்கிறார்கள் என்று படித்தபோதுதான் சொல் திறந்தது. 1838இல் தப்பி ஓடினார். 1845இல் தன் வரலாற்றை வெளியிட்டார். தானே எழுதியது என்று முகப்பிலேயே போட்டுக்கொண்டார். மேலே நான் சொன்ன கதையெல்லாம் அந்த நூலில் இருப்பதுதான்.

இதற்குள் உங்க திருப்புதல் பாடம் முழுக்க இருக்கு. 'அபொலிஷ்' என்பது செயப்படுபொருள் குன்றா வினை. 'டிரான்சிட்டிவ் வெர்ப்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கீங்க. அந்த வினைக்குச் செயப்படுபொருள் இல்லாமல் அர்த்தம் நிறையாது. வினையைப் பெயராக்கி 'அபொலிஷன்' என்று சொன்னால் செயப்படுபொருளை விழுங்கிவிடலாம். அந்தச் சிறுவன் தேடியது விழுங்கப்பட்ட செயப்படுபொருளை. அது கிடைத்தபோது அது தன்னுடைய வாழ்க்கையாக இருந்தது.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை

ஆங்கிலம் நமக்கு எதற்கு என்று கேட்கிற தோழர்கள் உண்டு. ஆங்கிலமே விடுதலை என்று சொல்கிறவர்களும் உண்டு. சாவித்திரிபாய் புலே 1854இல் வெளியிட்ட 'காவ்ய புலே' தொகுப்பிலேயே ஆங்கிலக் கல்வியை வரவேற்கும் கவிதை இருக்கு. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டு, பாரசீகம் படிக்க வேண்டி வந்தது. ஆனால் அவர் கையில் இருந்த ஆங்கிலத்தை யாரும் பிடுங்க முடியவில்லை. இந்த வரலாற்றை நான் மதிக்கிறேன். அதற்காக ஆங்கிலம் கறை படியாத மொழி என்று நம்பிவிட வேண்டாம். அங்கேயும் ஆண்டைகள் இருந்தார்கள். சொல்லின் வேரைத் தோண்டினால் தெரியும்.

1. வேர்: எங்கிருந்து வந்தது?

'வில்லன்' என்று எல்லோரும் சொல்கிறோம். படத்தில் கெட்டவன். இந்தச் சொல்லின் வேர் என்ன? லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை. அந்தப் பண்ணையைச் சேர்ந்த வேலையாள் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வரும்போது குடியானவன் என்ற பொருள். பிறகு நாகரிகம் தெரியாதவன். பிறகு இழிந்தவன். கடைசியில் அயோக்கியன். பண்ணையாள் எப்படி அயோக்கியன் ஆனான்? அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை. எசமான் வீட்டு வாய் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி அப்படி ஆக்கிச்சு.

இதற்கு எதிர்ப்பக்கம் 'ஜென்டில்மேன்'. லத்தீனில் 'ஜென்டிலிஸ்' என்றால் ஒரே குலத்தைச் சேர்ந்தவன். அப்புறம் நல்ல குலத்தில் பிறந்தவன். அப்புறம் பண்பானவன், மென்மையானவன். பிறப்பைக் குறித்த சொல் குணத்தைக் குறிக்கிற சொல்லாக மாறியாச்சு. வேர் 'ஜென்', பிறப்பு என்று பொருள். ஜெனரேஷன், ஜெனரேட், ஜீன் எல்லாம் இந்தக் குடும்பம். சமஸ்கிருதத்தில் இந்த வேரின் உடன்பிறப்பு 'ஜன்'. அதிலிருந்து வந்தது 'ஜாதி'. ஆக, ஜென்டில்மேனும் ஜாதியும் பங்காளிகள். ஒருத்தர் கோட்டுப் போட்டிருக்கார், அவ்வளவுதான்.

நம்மிடமிருந்து போன சொல்லும் இருக்கு. பறையர் என்ற பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய் 'பரையா' ஆனது. அங்கே அதற்கு அர்த்தம், சமூகம் ஒதுக்கி வைத்த எந்த மனிதனும். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை எடுத்தார். 1944இல் ஹன்னா ஆரெண்ட் யூதனைப் பரையாவாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் உலக நாடுகள் தள்ளி வைத்த ஒரு நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுகின்றன. பறையும் அதை அடிக்கிற கையும் கப்பல் ஏறவில்லை. ஒதுக்கல் மட்டும் ஏறிப் போச்சு. ஆனால் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. அவமானமாக எறியப்பட்ட சொல்லை எடுத்துத் தன் பத்திரிகையின் நெற்றியில் ஒட்டினார். ஒரு சொல்லின் பாதையை இந்தப் பக்கமிருந்தும் திருப்ப முடியும்.

இப்போ பரீட்சைக்கு உதவுகிற ஒரு வேர்: 'பிரெஸ்'. அழுத்து. 'எக்ஸ்' சேர்ந்தால் வெளியே அழுத்துவது, எக்ஸ்பிரெஸ். 'இம்' சேர்ந்தால் உள்ளே பதிப்பது, இம்பிரெஸ். 'டி' சேர்ந்தால் கீழே அழுத்துவது, டிப்ரெஸ். அப்ரெஸ், சப்ரெஸ், ரிப்ரெஸ், கம்ப்ரெஸ் எல்லாம் இதே வீடு. ஒரு வேர் தெரிந்தால் ஏழு சொல். இருபது முப்பது வேர் தெரிந்தால் அகராதியில் பாதி பயம் போயிடும். இந்த வேரில்தான் வெள்ளைக்கார ஆட்சி நமக்கு ஒரு பெயர் வைத்தது: 'டிப்ரெஸ்டு கிளாசஸ்'. கீழே அழுத்தப்பட்டவர்கள். யாரால் அழுத்தப்பட்டவர்கள்? பெயரில் இல்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் பெயர் 'ஷெட்யூல்டு' என்று மாறியது. அதன் வேர் 'ஷெட்யூலா', சின்னக் காகிதத் துண்டு. காகிதத்தில் பட்டியலிடப்பட்டவர்கள். அந்தக் காகிதம் வாங்கத்தான் நீங்க தாலுகா ஆபீஸ் வாசலில் நிக்கிறீங்க. பட்டியலில் இருப்பதால் உரிமை வருது, அது பெரிய விஷயம். ஆனால் முந்தின பெயரில் அழுத்தம் என்கிற செய்தியாவது இருந்தது. பிந்தினதில் அதுவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேர் என்பது இன்றைய அர்த்தம் ஆகாது. 'நைஸ்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு அறியாதவன் என்று பொருள். அதற்காக யாராவது உங்களை நைஸ் என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். போலி வேரும் உண்டு. 'ஹிஸ்டரி' என்பதை 'ஹிஸ் ஸ்டோரி' என்று பிரித்து மேடையில் கைதட்டு வாங்குகிறார்கள். அது கிரேக்கத்தில் விசாரணை, தேடி அறிதல் என்ற பொருளுள்ள சொல். நமக்குத் தேவை விசாரணை. கைதட்டுக்காகப் பொய் வேர் வேண்டாம்.

2. வினை: செய்தது யார்?

பாஸிவ் வாய்ஸ் என்றால் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க? எழுவாயைப் பின்னால் போடு, 'பை' சேர், வினையை மாற்று. இராவணன் இராமனால் கொல்லப்பட்டான். சரி. அந்த 'பை' என்கிற துண்டை விட்டுவிட்டாலும் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும் என்பதை யாராவது அழுத்திச் சொன்னாங்களா? அங்கேதான் எல்லாம் இருக்கு.

குடிசைக்குத் தீ வைக்கப்பட்ட செய்தியை மூன்று விதமாக எழுதலாம். 'குடிசைகளை எரித்தார்கள்.' 'குடிசைகள் எரிக்கப்பட்டன.' 'குடிசைகள் எரிந்தன.' முதலாவதில் செய்தவன் இருக்கான். இரண்டாவதில் ஒளிஞ்சிருக்கான், ஆனால் எவனோ ஒருத்தன் செய்தான் என்ற தடயம் இருக்கு. மூன்றாவதில் தடயமும் இல்லை. குடிசை தானாக எரியுது. நம்ம தமிழில் எரிதல், எரித்தல் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறு வேறு வடிவம் உண்டு. ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே 'பர்ன்'. அதனால் ஆங்கிலச் செய்தி படிக்கும்போது கூடுதலாக உஷார் வேணும்.

இன்னொரு வழி, வினையைப் பெயராக்குவது. 'கிளாஷ்'. 'இரு தரப்பினரிடையே மோதல்.' தாக்கினான், வெட்டினான், கொளுத்தினான் என்ற வினைகள் எல்லாம் சுருங்கி ஒரே பெயர்ச்சொல் ஆகிவிட்டது. ஊர்த்தெருவும் சேரியும் தராசில் சமமாக நிற்கிற மாதிரி ஒரு தோற்றம். பேச்சு வழக்கில் இதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அடி வாங்கிட்டு வந்தவனிடம் போய், உனக்கும் அவங்களுக்கும் மோதலாமே என்று கேட்டுப் பாருங்க.

பாஸிவ் எப்போதும் மோசடி என்று சொல்லவும் மாட்டேன். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துக்கங்க. 1948 நவம்பர் 29ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது என்பது அதன் சாரம். ரெண்டு வினையும் பாஸிவ். 'பை' இல்லை. இன்னாருக்குத் தடை என்று சொல்லாததால் எல்லோருக்கும் தடை. அரசுக்கும், தனி ஆளுக்கும், டீக்கடைக்காரருக்கும் சேர்த்துத்தான். ஒரே பாஸிவ், ஒரு இடத்தில் செய்தவனை ஒளிக்குது. இன்னொரு இடத்தில் செய்யக்கூடிய எல்லோரையும் கட்டுது. விதியை மனப்பாடம் பண்ணினால் இந்த வித்தியாசம் தெரியாது. இங்கே பாஸிவ் யாருக்கு வேலை செய்யுது என்று கேட்டால் தெரியும்.

'அன்டச்சபிள்' என்ற சொல்லை உடைத்துப் பாருங்க. 'அன்', 'டச்', 'ஏபிள்'. 'ட்ரிங்கபிள்' என்றால் குடிக்கப்படக்கூடியது, அது தண்ணீரின் தன்மை. அப்படியானால் அன்டச்சபிள்? தொடப்பட முடியாதவர், அது அவருடைய தன்மை. குறை அந்த ஆளிடம் இருக்கு என்று அந்தப் பின்னொட்டு சொல்லிடுது. தமிழில் 'தீண்டத்தகாதவர்' என்பதும் அதே வேலைதான். ஆனால் 'தீண்டாமை' என்ற சொல்லைப் பாருங்க. தீண்டு, எதிர்மறை, 'மை' விகுதி. தீண்டாமல் இருப்பது. தீண்டாமல் இருப்பது யார்? சாதி இந்து. அது அவனுடைய செயல், அவனுடைய குற்றம். நம்ம சொல்லுக்குள்ளேயே எழுவாய் உட்கார்ந்திருக்கு. இதை ஆங்கிலத்தில் 'அன்டச்சபிலிட்டி' என்று மொழிபெயர்க்கும்போது அந்த எழுவாய் தொலைஞ்சு போகுது.

சட்டத்தில் ஒரு வினையெச்சம் எவ்வளவு எடை என்பதற்கு இன்னொன்று. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(2)(5) என்ற பிரிவு. பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தைத் தலித்துக்கு எதிராகச் செய்தால் ஆயுள் தண்டனை. ஆனால் பழைய வாசகத்தில் 'ஆன் த கிரவுண்ட் தட்' என்று இருந்தது. அவர் தலித் என்ற காரணத்துக்காகவே செய்தான் என்று நிரூபிக்கணும். கொன்றவன் மனசுக்குள் இருந்த காரணத்தை நாம எங்கே போய் எடுத்து வர்றது? இந்தச் சொல்லில் இடறியே எத்தனையோ வழக்குகள் விழுந்தன. 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது வாசகம் 'நோயிங் தட்'. அவர் தலித் என்று தெரிந்து செய்தான் என்றால் போதும். காரணத்திலிருந்து அறிதலுக்கு மாறியிருக்கு. உங்க புத்தகத்தில் இது பார்ட்டிசிபிள் பாடம்.

பிரிபொசிஷனும் அப்படித்தான். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிற குற்றத்துக்கு அதே சட்டத்தில் 'வித்தின் பப்ளிக் வியூ' என்று இருக்கு. 'இன் எ பப்ளிக் பிளேஸ்' என்று இல்லை. பொது இடம் வேறு, பொதுமக்கள் பார்வைக்குள் இருக்கிற இடம் வேறு. 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் விளக்கியது. ஒரு வீட்டின் வாசல் தனியார் இடம்தான், ஆனால் வெளியே இருப்பவர்கள் பார்க்க முடியும் என்றால் குற்றம் பொருந்தும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வீட்டின் நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுக்கப் போகிற தோழர் இந்த ரெண்டு சொல்லையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதணும். அப்போ யார் நின்றார்கள், யார் பார்த்தார்கள் என்பதை முதல் மனுவிலேயே எழுதணும்.

3. குரல்: எங்கே நின்று சொல்கிறார்?

மெட்டஃபர், உருவகம். கிரேக்க வேருக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போவது என்று பொருள். என்னத்தைச் சுமக்குது? ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் சமூகத்தை ஓர் உடம்பாக உருவகிக்குது. வாய், தோள், தொடை, பாதம் என்று நாலு வருணம். நாம அதில் பாதத்திலும் இல்லை. இந்த உருவகம் சுமந்து வருவது இயற்கை என்கிற கருத்தை. உடம்பு யாரும் கட்டியது இல்லை. தலை மேலேதான் இருக்கும், காலை அங்கே வைக்க முடியாது. 1920 ஜனவரி 31ஆம் தேதி வந்த 'மூக்நாயக்' முதல் இதழில் அம்பேத்கர் வேறு ஓர் உருவகம் வைத்தார். இந்து சமூகம் பல மாடிக் கோபுரம், மாடிக்கு மாடி ஏறப் படி இல்லை என்றார். கவனியுங்க. உடம்பு பிறக்கிறது, கட்டடம் கட்டப்படுகிறது. கட்டினவன் உண்டு என்றால் இடிக்கவும் ஆள் உண்டு. ரெண்டு உருவகமும் ரெண்டு அரசியல்.

யூஃபமிசம். கிரேக்கத்தில் நல்ல பேச்சு என்று பொருள். நன்னூல் இதை 'மங்கலம்' என்று வகைப்படுத்துது. செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. 'ஹரிஜன்' அந்த வகை. காந்தி 1933இல் அந்தப் பெயரிலேயே வாரப் பத்திரிகை நடத்தினார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தப் பெயரைச் சட்டத்தில் ஏற்றியபோது அம்பேத்கர் தன் கட்சியினரோடு வெளிநடப்புச் செய்தார். சுடுகாட்டுக்கு நன்காடு என்று பெயர் வைத்தால் பிணம் எழுந்து வராது. சேரிக்கு எத்தனை நல்ல பெயர் வைத்தாலும் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடலைன்னா விடலைதான்.

ஐரனி. சொல்வது ஒன்று, பொருள் வேறொன்று. இதற்கு நான் கவிதைக்குப் போகவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்திருந்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள், அதில் ஒருத்தர் கார் வைத்திருப்பவர், அவர்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று அந்தத் தீர்ப்பு சந்தேகப்பட்டது. அந்த ஆண்டே 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' ஒரு கட்டுரை போட்டது. தலைப்பு: 'ஜென்டில்மென் கில்லர்ஸ் ஆஃப் கீழ்வெண்மணி'. 'ஜென்டில்' என்ற சொல்லின் வேர் இப்போ உங்களுக்குத் தெரியும். குலத்தில் பிறந்தவன், ஆகவே பண்பானவன், ஆகவே கொலை செய்யமாட்டான். தீர்ப்பு நம்பிய அந்தச் சங்கிலியை அந்தத் தலைப்பு ஒரே சொல்லில் அறுத்தது. ஐரனிக்கு விளக்கமும் உதாரணமும் கேட்டால் இதை எழுதுங்க. 'வெர்டிக்ட்' என்ற சொல்லின் வேருக்கு உண்மையாகச் சொன்னது என்று பொருள். அதையும் பக்கத்தில் குறிச்சுக்கங்க.

கடைசியாக 'நரேட்டர்', கதைசொல்லி. 1935இல் முல்க் ராஜ் ஆனந்த் 'அன்டச்சபிள்' என்று ஒரு நாவல் எழுதினார். பாக்கா என்கிற இளைஞனின் ஒரு நாள். அக்கறையோடு எழுதப்பட்டதுதான். ஆனால் பாக்கா அதில் 'ஹீ', அவன். ஆசிரியர் அந்தச் சமூகத்தில் பிறந்தவர் இல்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வருது. இங்கே 'நான்'. நம்ம வீட்டுப் பேச்சு அச்சில் ஏறுது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 2000இல் ஆங்கிலத்தில் கொண்டு வந்தபோதும் தலைப்பை மாற்றவில்லை. பனைமட்டையின் ரெண்டு பக்கமும் அரம் மாதிரி அறுக்கிற விளிம்புக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. தேர்டு பெர்சனுக்கும் ஃபர்ஸ்ட் பெர்சனுக்கும் என்ன வித்தியாசம் என்ற ரெண்டு மார்க் கேள்விக்கு 57 ஆண்டு வரலாறு விடையாக இருக்கு.

இனி எப்படிப் படிப்பது?

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரிங்க. முதல் கட்டத்தில் சொல்லும் வேரும். ஒரு நாளைக்கு ஒரு வேர், அதிலிருந்து ஐந்து சொல். ரெண்டாவது கட்டத்தில் ஒரு வாக்கியம். வினையைக் கோடிடுங்க, செய்தவனை வட்டமிடுங்க. வட்டம் போட ஆள் இல்லையென்றால் யாராக இருக்கும் என்று நீங்களே ஆக்டிவ் வாய்ஸில் எழுதுங்க. மூன்றாவது கட்டத்தில் சொல்கிற ஆள் யார், நிற்கிற இடம் எது, பெயரை மாற்றிச் சொல்றாரா, உருவகமாகச் சொல்றாரா. தனியாகப் படிக்காதீங்க. நாலு பேர் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுங்க. உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். டக்ளஸ் தெருவில்தான் கற்றார்.

ஒரு சொல் பாக்கி இருக்கு. 'தலித்'. வேர் 'தல்', பிளத்தல், உடைத்தல். 'தலித்' உடைக்கப்பட்ட என்று பொருள்படும் எச்ச வடிவம். 'டிப்ரெஸ்டு' மாதிரியே இதுவும் பாஸிவ் பார்ட்டிசிபிள்தான். ஆனால் டிப்ரெஸ்டு என்பது நமக்கு மேலே இருந்தவர்கள் நம்மைப் பற்றி எழுதியது. 1972இல் மும்பையில் 'தலித் பேந்தர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அதைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். உடைக்கப்பட்டவன் என்று நானே சொல்லும்போது, உடைத்தவன் யார் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்குது. அந்த எச்சம் இப்போது வாக்கியத்தின் எழுவாய். தலித் கேட்கிறான், தலித் எழுதுகிறாள், தலித் வழக்குப் போடுகிறார்.

அடுத்த வகுப்புக்கு வீட்டுப்பாடம். ஏதாவது ஓர் ஆங்கிலச் செய்தித்தாளிலிருந்து ஒரு கிராமத்துச் சாதிச் சம்பவம் பற்றிய செய்தியை வெட்டிக்கிட்டு வாங்க. எத்தனை வினை, அதில் எத்தனைக்குச் செய்தவன் இருக்கான், எத்தனைக்கு இல்லை என்று எண்ணிட்டு வாங்க. அதையே ஆக்டிவ் வாய்ஸில் எல்லோருமாகச் சேர்ந்து திருப்பி எழுதுவோம்.